பெண் வீட்டார் முன்னால் என் சர்வர் பேசியது

வேலைக்கு ஆகாத ஒரு பொருளை ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு அதற்கு வேலை கண்டுபிடிப்பதே நமக்கு முழுநேர வேலையாகிவிடும். இது எனக்கு இருபத்தேழு வயதில் தெரிந்திருந்தால் என் கல்யாணம் கொஞ்சம் கௌரவமாக நிச்சயமாகியிருக்கும். தெரியவில்லை. அதன் பலனாக, என் அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் தெருவில் குடியிருந்த அத்தனை பேருக்கும் வார்த்தை பிசகாமல் மனப்பாடம்.

2005 வாக்கில் நான் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (பையன்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கீழே டீக்கடையிலும் ஒரு மாஸ்டர் இருந்தார். அவருக்கு மரியாதை என்னைவிட ஒரு படி அதிகம்.) அரியலூரில் ஒரு பழைய சாமான் கடையில், ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட சர்வர் வந்து கிடப்பதாக ஒரு மாணவன் சொன்னான். அன்று மதியமே போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு இரும்புப் பெட்டி. உள்ளே நான்கு விசிறிகள். கடைக்காரர் ஆன் செய்து காட்டியபோது நெல் மில் ஓடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது.

பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மா, கூடையை மடியில் வைத்துக்கொண்டு சர்வர்மேல் உட்கார்ந்து, பெரம்பலூர் வரை நிம்மதியாகத் தூங்கி வந்தார். யோசித்துப் பார்த்தால், அந்தச் சர்வரால் ஒரு மனித உயிர் முழுசாகப் பயன் அடைந்தது அந்த ஒரு தடவைதான்.

சர்வர் என்பது நடுவில் உட்கார்ந்துகொண்டு, தன்னோடு இணைந்த பல கம்ப்யூட்டர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற பெரிய கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் வேறு கம்ப்யூட்டரே கிடையாது. ஆள் இல்லாத காட்டில் தாசில்தார் ஆபீஸ் திறந்த மாதிரி அது பக்கத்து அறையில் இரைந்துகொண்டு கிடந்தது. அப்பா அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் இது எதற்கு ஏறியது, எங்கே இறங்கும் என்று கேட்டுத்தான் பழக்கம். சர்வரைப் பற்றியும் அதையே கேட்டார்.

பதிலை முதலில் கண்டுபிடித்தது அம்மா. சர்வரின் முதுகுப் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பாகக் காற்று வரும். மார்கழியில் இட்லி மாவு பொங்கவில்லை என்று சட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாள். விடிவதற்குள் மாவு வழிந்துவிட்டது. அதிலிருந்து தயிர் உறைய வைப்பது, மழைநாளில் துணி காயவைப்பது, மோர்மிளகாய் வற்றல் போடுவது என்று அம்மா வாரத்துக்கு ஒரு புது உபயோகம் கண்டுபிடித்தாள். சர்வருக்குக் கிடைத்த முதல் நான்கு வேலைகளும் அதன் பின்பக்கத்துக்குத்தான் கிடைத்தன. கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருத்தன் வீட்டில் இருக்க, இது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த ரோஷத்தில்தான் திருச்சிக்குப் போய் ஒரு ரிலே போர்டு வாங்கி வந்தேன். கம்ப்யூட்டர் சொன்னால் லைட்டையும் ஃபேனையும் போட்டு நிறுத்துகிற பலகை அது. பிரிண்டர் மாட்டுகிற இடத்தில் அதை மாட்டி, வீட்டு வயரை எல்லாம் இழுத்து அதற்குள் விட்டேன். இனி சுவிட்ச் எதற்கு என்று எல்லா சுவிட்சுகளையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினேன். காலை ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டு, ஐந்தரைக்கு மோட்டார், ராத்திரி பத்து மணிக்கு விளக்கெல்லாம் அணையும். அப்பா பல நாள் பாதிச் சோற்றில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். (மனுசன் வெறும் ரசத்தை மோர் என்று நினைத்துக் குடித்திருக்கிறார்.)

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வருடம் எங்கள் பக்கம் திருட்டு அதிகம். சைக்கிள், மோட்டார் ஒயர், கழுவி வெளியே கவிழ்த்த பாத்திரம் எல்லாம் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நான் வாசற்படி மிதியடிக்கு அடியில் இரண்டு தகரத்தை வைத்து, நடுவே பஞ்சு வைத்து, சர்வரோடு இணைத்தேன். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள் யார் அதை மிதித்தாலும், மொட்டை மாடியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் சத்தம் போடும். என்ன சத்தம் என்பதுதான் கேள்வி. சைரன் வைத்தால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள் என்றார் அப்பா. மனிதக் குரல்தான் சரி என்று முடிவானது. மனிதக் குரல் என்றால் எங்கள் தெருவில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் மைக்கை நீட்டியதும் அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "யாருங்க அது, இந்நேரத்துல" என்று திருடனை உபசரித்தாள். நாலைந்து தடவை முயன்றும் திருடனுக்குக் காபி கொடுக்கிற அளவிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் மைக்கை அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, அவளுடைய சீர் அண்டாவை எடைக்குப் போட்டுத்தான் அந்த ரிலே போர்டை வாங்கினேன் என்று ஒரு பொய் சொன்னேன். (அண்டா பரணில் பத்திரமாக இருந்தது.)

அடுத்த இரண்டரை நிமிடம் அம்மா மூச்சு வாங்கவில்லை.

"எங்கடா கொண்டுபோயி வச்ச? எங்கப்பன் குடுத்த அண்டாடா அது. தூக்கிட்டுப் போயிட்டியேடா எடுபட்ட பயலே. நீ நல்லா இருப்பியா? வெளங்காத இரும்புப் பொட்டிய வூட்டுல வச்சிக்கிட்டு ஆட்டம் போடுறியே, ஒனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுப்பான்? குடுத்தாலும் எவடா இந்த வூட்டுல ஒரு நாளு தங்குவா?"

முன்பாதி திருடனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பின்பாதியை வெட்டிவிடலாம்தான். ஆனால் அந்த ஆவேசம் பின்பாதியில்தான் உச்சத்துக்குப் போகிறது. கலைஞனாக எனக்கு அதை வெட்ட மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம் தெருவையே கூட்டி ஒத்திகை நடத்தினேன். குரல் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று பேச்சு. பக்கத்து வீட்டுப் பால்காரர் செல்லமுத்து அண்ணன் யாரும் கேட்காமலே தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் கையில் கிடைத்தது உலக்கை.

ஒரே ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டருக்கு மணி மறக்காமல் இருக்க, உள்ளே எட்டணா அளவில் ஒரு செல் இருக்கும். என் சர்வரில் அது தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும், அது இப்போது நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று நினைத்துக்கொண்டுதான் கண் விழிக்கும். நான் ஓடிப்போய்ச் சரியான மணியை வைப்பேன். செல்லை அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று நான்கு மாதம் ஓட்டிவிட்டேன்.

இந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அதற்கு முன் ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. ஏழாவது இடம் எறையூர் பக்கம். பெண் பெயர் வளர்மதி. காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, "கம்ப்யூட்டர்ல என்னதான் சொல்லிக் குடுப்பீங்க?" என்று என்னையே கேட்டாள். நான் கால் மணி நேரம் சர்வரைப் பற்றிப் பேசினேன். அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. பஸ் ஏறுவதற்குள் எனக்கு இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். வீடு பிடித்தால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஆக, என் வாழ்க்கை அவர்கள் ஒரு வாய் சாப்பிடுவதில் நின்றது.

அன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பொட்டியை நிறுத்தி வைடா என்று அப்பா கெஞ்சினார். நான் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் படியேறும்போது ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், நாதஸ்வரம் தானாக ஒலிக்க வேண்டும் என்று பத்தரை மணிக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். சொல்லி வைத்தாற்போல எல்லாம் நடந்தது. பெண்ணின் அப்பா கலியபெருமாள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். யாரும் சுவிட்ச் போடவில்லையே என்று சுவரைத் தடவிப் பார்த்தார். தாய்மாமன் ராசாங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, மாப்பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று பாராட்டினார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெருமை சரியாகக் கால் மணி நேரம் நீடித்தது.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு டிவி பேசியது. எங்கள் வீட்டு ஃபேன் மட்டும் அசையவில்லை. சர்வர் கண் விழிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். விழித்ததும் அதற்கு நள்ளிரவு. உடனே மணியை மாற்றியாக வேண்டும். நான் சர்வர் அறைக்குப் போனால், கதவு பூட்டியிருந்தது. விருந்தாளிகளுக்குச் சுட்ட மெதுவடை ஆறக் கூடாது என்று அம்மா பாத்திரத்தோடு சர்வருக்குப் பின்னால் வைத்து, பூனைக்குப் பயந்து பூட்டிவிட்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில். பெண் வீட்டார் முன்னால் வாய்விட்டுக் கேட்க முடியாமல், கண்ணாலேயே அறையைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினேன். நான் வடைக்கு அலைகிறேன் என்று நினைத்து அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள்.

சரி, மிதியடியை யாரும் மிதிக்காத வரை ஆபத்தில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா என் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். (அடக்கமான பையன், தலை நிமிரவே மாட்டேங்கிறான் என்று வந்திருந்த ஒரு அம்மா சிலாகித்தாராம்.) அப்போது ராசாங்கம் மாமா எழுந்தார். வாய் நிறைய வெற்றிலை. துப்புவதற்கு வெளியே போக வேண்டும்.

நான் பாய்ந்து குறுக்கே நின்றேன். உட்காருங்க மாமா என்றேன். அவர் வாயைக் காட்டினார். பின்பக்கம் போகலாம் மாமா என்றேன். அவர் தலையை ஆட்டி என்னைத் தள்ளினார். நான் அவர் கையைப் பிடித்தேன். பேச முடியாதவரோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் அவர் என்னை உதறிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து மிதியடிமேல் வைத்தார்.

"எங்கடா கொண்டுபோயி வச்ச?" என்று ஆரம்பித்தது குழாய்.

ஒத்திகையன்று கோயிலுக்குப் போயிருந்த அம்மா, தன் குரலை அந்த அளவில் அதுவரை கேட்டதில்லை. நிறுத்துடா, நிறுத்துடா எடுபட்ட பயலே என்று அவளும் கத்த ஆரம்பித்தாள். மாடியில் ஓர் அம்மா, கூடத்தில் ஓர் அம்மா. இரண்டு பேரும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் என்னைத் திட்டினார்கள். அதற்குள் செல்லமுத்து அண்ணன் உலக்கையோடும், தெரு முழுக்க கம்பு, விளக்குமாறு, மண்வெட்டியோடும் வந்து சேர்ந்தார்கள். பட்டப்பகல் பதினொரு மணிக்குத் திருடனா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒத்திகை அவ்வளவு நன்றாக நடந்திருந்தது. படியில் நின்ற அந்நியர் ராசாங்கம் மாமாதான். சட்டையைப் பிடித்து, யாருய்யா நீ, எந்த ஊரு என்று அண்ணன் உலுக்கினார். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அண்ணனின் வெள்ளைப் பனியன் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்து ரத்தம் ரத்தம் என்று பின்னால் இருந்தவர்கள் அலறினார்கள். இதற்கு நடுவே குழாய், உனக்கெல்லாம் எவன் பெண் கொடுப்பான் என்று ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. பிறகு எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். செல்லமுத்து அண்ணன் மாமாவின் சட்டையை நீவி விட்டார். கலியபெருமாள் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப நாங்க கெளம்புறோம். போயி சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எனக்கு அழுதுவிடுவேன் போல இருந்தது. அப்பாவுக்கோ, வந்தவர்கள் வியர்வையோடு போகக் கூடாது என்ற கவலை. என்னைக் கேட்காமல் ஃபியூஸைத் திரும்பச் சொருகிவிட்டார். எங்கள் ஊரில் கிளம்புகிறோம் என்று சொல்வதற்கும் கிளம்புவதற்கும் நடுவே பத்து நிமிடமாவது ஆகும். சர்வருக்கு அந்த நேரம் போதும். பக்கத்து அறையில் சர்வர் இரைவது என் காதில் உறைப்பதற்கும், பேசி முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கலியபெருமாள் மிதியடியில் காலை வைப்பதற்கும் சரியாக இருந்தது.

இரண்டாவது தடவை யாரும் ஓடவில்லை. கம்போடு நின்றவர்கள் கடமைக்குக் கம்பை ஓங்கி, பிறகு இறக்கிக்கொண்டார்கள். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபியூஸைப் பிடுங்கப் போன அப்பாவைக் கலியபெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மிதியடியிலேயே நின்று, அண்டாவிலிருந்து கடைசி வரி வரை இரண்டரை நிமிடமும் கேட்டார். பெண் கொடுப்பான் என்கிற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

ஒரு கிலோமீட்டர் என்றேன். ஏரிக்கரை தாண்டியும் கேட்கும் என்று செல்லமுத்து அண்ணன் திருத்தினார்.

"ஆளு இல்லாம அதுவா பேசுமா? விடிய விடிய?"

பேசும் என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டுருக்கேன்" என்றார் அவர், என்னிடம் இல்லை, அம்மாவிடம். "காட்டுப்பன்னி பாதிய மேஞ்சிடுச்சிங்க. வெடி போட்டுப் பாத்தாச்சி, தகரம் தட்டிப் பாத்தாச்சி, எதுக்கும் அசர மாட்டேங்குது. இந்தக் கொரலுக்கு நானே ரெண்டு எட்டு பின்னால வச்சிட்டேன்."

அம்மாவுக்குத் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவர் செருப்பைத் திரும்பக் கழற்றினார்.

"எலையப் போடச் சொல்லுங்க சம்பந்தி."

அறைக்கதவைத் திறந்து வடையை எடுத்தார்கள். சூடு துளியும் குறையவில்லை. ராசாங்கம் மாமா மட்டும் வாசலில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே, இந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று முனகினார். அவருக்கும் ஐந்து வடை வைத்தோம். அவரும் கை நனைத்துவிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே என்னுடைய சீதனமாகச் சர்வர் எறையூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மோட்டார் கொட்டகைக்குள் அதை வைத்து, குழாயை வேப்பமரத்தில் கட்டி, அரை மணிக்கு ஒரு தடவை பேசும்படி மாற்றிக் கொடுத்தேன். எந்நேரமும் நள்ளிரவு என்று நினைக்கிற கம்ப்யூட்டருக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது. செல்லை மாற்றவே இல்லை. பன்றிகள் மூன்றாம் நாளே பக்கத்துச் சோளக் காட்டுக்கு இடம் மாறின. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, அந்த அம்மாவை எங்கள் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று கேட்டாராம்.

மூன்று மாதம் கழித்து நிச்சயதார்த்தம். அம்மா முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகம் கொள்ளாத சிரிப்பு. வாசலில் நின்று, இருக்கிற பணிவையெல்லாம் திரட்டி, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த காவல் நாய் எழுந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, கொல்லைப்பக்கமாக ஓடி, வேலியைத் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை அது திரும்பவில்லை. கூடியிருந்த சனம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே.

வளர்மதி எங்கள் வீட்டுக்கு வந்து இப்போது பல வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்பே மூன்று மாதம், அரை மணிக்கு ஒரு தடவை தன் மாமியாரின் குரலைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், அவளுக்கு அம்மாவிடம் கொஞ்சமும் பயம் கிடையாது. அம்மா யாரிடமாவது குரலை உயர்த்தினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவாள்.

"போதும் அத்தே. பன்னியெல்லாம் போயிடுச்சி."

அம்மா அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள். சிரிப்பது தெரியக் கூடாது என்று சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள்.